பூச்சாண்டி நான்தான், என்னைக் காட்ட வேண்டாம்

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, சுண்ணாம்பு அடித்துப் பிழைத்த கிழவன் கும்பிட்டு எழுதுவது. தாங்கள் நலமாக இருக்க வேண்டும். இருந்தால்தான் என்னைக் காப்பாற்ற முடியும். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் எழுதுகிறார்.

புதன்கிழமை உங்கள் பேப்பரை அவர் சத்தமாக வாசித்தார்: "தேர்தல் நெருங்குவதால் தலைவர் பூச்சாண்டி காட்டுகிறார்." உடனே வாசல் கதவைச் சாத்தினேன். ஏனென்றால் பூச்சாண்டி நான்தான் ஐயா. தபால்காரருக்கே அந்தப் பெயர்தான் தெரியும். பெயர் வந்த கதையும் மறக்கவில்லை. ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், பச்சை கேட் போட்ட மாடி வீட்டில் பூச்சு வேலை. தலை முதல் கால் வரை சுண்ணாம்போடு ஏணியில் நிற்கிறேன். கீழே அந்த வீட்டம்மா சோற்றுக் கிண்ணத்தோடு பிள்ளையிடம், "வாயைத் தொறடா! இல்லன்னா அதோ பூச்சாண்டி, புடிச்சுக் குடுத்துருவேன்" என்றாள். நான் பாவம், மூக்கைத்தான் சொறிந்தேன். பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிண்ணத்தையே காலி செய்தான். பதினொரு நாள் வேலை. பதினொரு நாளும் சாப்பாட்டு நேரத்துக்கு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அந்தப் பிள்ளைதான் இன்றைக்குத் தலைவர். கொடுப்பதை ஜனம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்க எதைக் காட்ட வேண்டும் என்று அங்கேதான் படித்தார்.

தையல்காரர் சிரிக்கிறார். "பெரியவரே, அது உங்களுக்கு முந்தியே இருக்கற சொல்லு. உடம்பெல்லாம் சாம்பல் பூச்சு, கையில ஒண்ணுமில்லாத ஆண்டி. அதான் பூச்சாண்டி. இப்ப அது, இல்லாததைச் சொல்லி மிரட்டி ஓட்டு வாங்கறதுக்குப் பேரு."

"பூச்சும் என்மேலதான் இருந்துச்சு, கையிலயும் ஒண்ணுமில்ல. வேற யாருய்யா அது?" என்றேன். பேனாவை மூடிவிட்டார். டீ போட்டுக் கொடுத்துத் திறக்க வைத்தேன்.

ஐயா, நாளைக்கு என்னை மேடையில் ஏற்றிக் காட்டினால் ஜனம் சும்மா விடுமா? மூன்று நாளாக வாசலுக்கே போகவில்லை. நேற்று எவனோ, "பூச்சாண்டிக்குப் பயப்படாதீங்க!" என்று கோஷம் போட்டுக்கொண்டு போனான். கட்டிலுக்கடியில் புகுந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. இந்தக் கடிதத்தில் பாதி அங்கிருந்து சொன்னதுதான். பூச்சாண்டி ஒரு கிழவன், இதுவரை யாரையும் பிடித்ததில்லை என்று நாலு வரி போடுங்கள். தங்கள் பிள்ளைகுட்டிகளும் அச்சு இயந்திரமும் நோய்நொடியின்றி ஓட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இடது பெருவிரல் ரேகை

பி.கு.: ஐயா, ஒன்றும் போட வேண்டாம். இப்போதுதான் தலைவரின் வண்டி போனது. "எனக்கு ஓட்டுப் போடலன்னா அவன் உங்க வீட்டுக்குள்ளயே வந்துருவான்!" என்று ஒலிபெருக்கியில் அவரே சொன்னார். யார் அவன் என்று சொல்லவில்லை. உடனே இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு, என் ஓட்டு அவருக்குத்தான் என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, பூச்சாண்டி உள்ளே அல்லவா இருக்கிறான்! என்னோடு உள்ளே மாட்டிக்கொண்ட தையல்காரர் கதவைத் திறக்கச் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.