ஓய்வுக் கூப்பன்

பரசுராமன் நாற்பது வருஷம் பட்டுக்கடையில் புடவை விரித்தவர். பச்சை கேட்டு வந்த அம்மாவை ஊதாவோடு அனுப்பிவைத்தவர். அவருக்குத் தம் முட்டிவலியை விற்கத் தெரியாதா?

வாங்க வந்தவள் ரேவதி. வயதானவர்களுக்கு வீட்டுக்கே ஆள் அனுப்பி உதவ, ஓர் அறக்கட்டளை கூப்பன் புத்தகம் கொடுத்தது; யாருக்கு எவ்வளவு என்று விசாரித்து எழுத வந்தவள் அவள். உடம்பு எவ்வளவு மோசமோ, புத்தகம் அவ்வளவு தடிமன். பரசுராமனுக்கு வேண்டியது தைலம் தேய்த்துவிடும் கூப்பன்.

முதலில் முட்டியை விரித்தார். ரேவதி எழுதிக்கொண்டாள். அடுத்து இடுப்பு. அதையும் எழுதினாள். வியாபாரம் சூடுபிடித்தபின் அவருக்கு நிறுத்த வராது.

"காது கேக்குதாய்யா?"

"என்னாது?"

அதுவும் விலைபோனது.

ரேவதி அவர் மனைவி காந்தாவிடம் திரும்பினாள். "ஏம்மா, வூட்டுக்காரரு நடக்கறாரா?"

காலையில்தான் டீக்கடைக்கு ரெண்டு நடை போய்வந்திருந்தார். காந்தா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"எங்கம்மா? படுத்துக்கினே கீறாரு. எல்லாம் நான்தான்."

பெண்டாட்டி என்றால் இவளல்லவா என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

"நீங்க கடைசியா எப்பம்மா ஓய்வா இருந்தீங்க?"

காந்தா யோசித்தாள். ரேவதி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். ஆனாலும் பிள்ளையார்பாளையம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "பொண்ணு பொறந்தப்ப. ஆஸ்பத்திரில மூணு நாளு."

பெண் சந்தியாவுக்கு இப்போது நாற்பத்தொன்று. பரசுராமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். காது கேட்காதவன் என்ன சொல்ல முடியும்? சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தகம் வந்தது. தைலத்துக்கு நான்கு கூப்பன். மீதி அத்தனையும் 'பராமரிப்பவருக்கு ஓய்வு'. வாரம் ரெண்டு நாள் காந்தா வெளியே போகலாம்; அவளுக்குப் பதில் அறக்கட்டளை ஆள் வீரபத்திரன் வந்து காவல் இருப்பான்.

முதல் நாள் மாகறல் கோயிலுக்குக் கிளம்பினாள். கடையில் யாரும் சீந்தாத ஒரு ஊதாப் புடவையை என்றோ அவளிடம் தள்ளிவிட்டிருந்தார். அதைத்தான் கட்டியிருந்தாள். அவளுக்கு அது எடுப்பாகத்தான் இருந்தது. வீரபத்திரன் எதிரில் படுக்கையாளாக முனகிக்கொண்டிருந்தவரால் அதைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

வீரபத்திரன் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. "வியுந்துடுவ பெருசு, படு." கஞ்சியில் உப்பில்லை. டீக்கடை நாலு மணிக்கு அவரில்லாமலே சிரித்தது.

சாயங்காலம் காந்தா தலைநிறையப் பூவோடு வந்தாள். வீரபத்திரன் போகும்வரை காத்திருந்து பரசுராமன் மெல்லச் சொன்னார்: "காந்தா, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"தெரியும்," என்றாள் அவள், புடவையை மடித்துக்கொண்டே. "அதனாலதான் அன்னிக்கு அவ்ளோ சத்தமா சொன்னேன்."