துரைக்குப் பிடிக்காத பிஸ்கட்

துரை பிஸ்கட்டை முகர்ந்து பார்த்தது. ஹெட்கிளார்க் அம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு முன்னங்காலால் அதைச் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டு, அந்தக் காலை நக்கிச் சுத்தம் செய்துகொண்டது.

"பாத்தியா? பட்டதுக்கே காலைக் கழுவுது" என்றார் கணவர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

துரை அவர்கள் வீட்டு நாய். நாள் முழுக்கச் சோபாவில் சாய்ந்தபடி வீட்டையே அதிகாரம் செய்ததால் வந்த பெயர். கடை பிஸ்கட் தின்று தின்று உடம்பெல்லாம் அரிப்பு. நாய் டாக்டர் கடைச்சரக்கை நிறுத்தச் சொன்ன அன்றே ஹெட்கிளார்க் அம்மா களத்தில் இறங்கிவிட்டார். கோதுமை மாவு, வேகவைத்த பூசணி, துருவிய கேரட். உப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் எழுதிய கடிதங்களையெல்லாம் சிவப்பு மையால் திருத்தியவர் அவர். அவர் செய்ததை ஒரு நாய் திருப்பி அனுப்புவதாவது!

"மாவு பதம் சரியில்லை. நாளைக்குப் பாருங்க."

"இதோட நாலு 'நாளைக்கு' ஆச்சு. நேத்து தெருநாய்க்குப் போட்டியே, என்ன பண்ணுச்சு?"

தெருநாய் பிஸ்கட்டைக் கவ்விக்கொண்டு ஓடியது உண்மை. நாலு வீடு தள்ளிப் போய்க் குழி தோண்டிப் புதைத்ததும் உண்மை.

"அது அப்புறமா திங்க எடுத்து வச்சிருக்கு."

"எடுத்து வைக்கலை. அடக்கம் பண்ணியிருக்கு."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள, உலகத்துல ஏதோ ஒரு நாய் இதை ஆசையா தின்னுச்சுன்னா என்ன செய்வீங்க?"

"இனிமே துரையை நானே குளிப்பாட்டுறேன். ஆயுசு பூரா. தின்னலைன்னா உன் ஓவன் என் தங்கச்சி வீட்டுக்குப் போகுது. அவளாவது கேக் செய்யட்டும்."

அந்த ஓவன்மேல் நாத்தனாருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். அம்மா எழுந்து நின்றார். "சரி, பந்தயம்!"

மறுநாள் டப்பா நிறைய பிஸ்கட்டோடு அலுவலகம் போனார். வாசலில் வாட்ச்மேனின் நாய் இருக்கிறது. எதைப் போட்டாலும் தின்னும். ஒருமுறை ஒரு செருப்பையே பாதி தின்றது. போகிற அவசரத்தில் டப்பாவை டீ பிளாஸ்க் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடப் போனார். அங்கேதான் தப்பு. அந்த அலுவலகத்தில் டீ மேஜைமேல் வைக்கப்படும் எந்தத் தின்பண்டமும் பொதுச்சொத்து. அந்த விதியைச் சுற்றறிக்கையாக எழுதி ஒட்டியவரே அவர்தான்.

திரும்பி வந்தபோது மேனேஜர் டப்பாவைக் கையில் வைத்திருந்தார்.

"உங்களோடதா அம்மா? வீட்ல செஞ்சதா?"

"ஆமா சார். ஆனா அது..."

"ரொம்ப சந்தோஷம். ரெண்டு எடுத்துக்கிட்டேன்."

உண்மை தொண்டை வரை வந்தது. சுற்றி எட்டு பேர் நின்றிருந்தார்கள். வந்த உண்மை அப்படியே திரும்பிப் போய்விட்டது. மேனேஜர் டப்பாவோடு அறைக்குள் போனார். வாட்ச்மேனின் நாய்க்கு ஒன்றும் மிஞ்சவில்லை; அன்று மாலையே வாட்ச்மேன் நாயோடு லீவில் ஊருக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை மேனேஜர் அவர் மேஜைக்கே வந்து காலி டப்பாவை வைத்தார். "பிரமாதம் அம்மா. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

அம்மாவுக்கு ஒரு வழிதான் தோன்றியது: கடிக்கவே முடியாதபடி செய்துவிட்டால் மனிதர் தானாக விட்டுவிடுவார். அன்று மாலை ஒரு மணி நேரம் கூடுதலாக ஓவனில் வைத்தார். தரையில் போட்டால் ஓடு விரிசல் விடும் போலிருந்தது. ஒன்று கைதவறி விழுந்த சத்தம் கேட்டு, துரை எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை டப்பாவை வாங்கிக்கொண்ட மேனேஜர், சாப்பாட்டு நேரம் முடிந்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "இதுதான் அம்மா சரியான பதம். பல்லுக்கு நல்ல வேலை!"

ஹெட்கிளார்க் அம்மா அவருடைய பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் கட்டிய பல்.

வீட்டில் நாள் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் ஓவனின் நீள அகலத்தை அளந்து, தங்கைக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். இனி நாகரிகம் பார்த்துப் புண்ணியமில்லை என்று அம்மா கோழி ஈரலை வாங்கி வேகவைத்து, அரைத்து, மாவில் பிசைந்தார். வீடு முழுக்க நாற்றம். துரைக்கு இது ஒரு டப்பா, மேனேஜருக்கு ஈரல் இல்லாதது ஒரு டப்பா. காலையில் உதவி செய்கிறேன் பேர்வழி என்று கணவர் ஒரு டப்பாவை எடுத்து அம்மாவின் பையில் வைத்தார்.

அம்மா மூச்சு வாங்க அலுவலகம் வந்து சேர்ந்ததுமே, மேனேஜரின் டிரைவர் வாசலிலேயே டப்பாவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பத்து நிமிஷத்தில் கணவரிடமிருந்து போன்.

"நாத்தம் பிடிச்ச டப்பா இங்க இருக்கும்னு மூக்கைப் பொத்திக்கிட்டுத் திறந்தேன். நாத்தமே இல்லையே?"

மேனேஜர் முட்டைகூடத் தொடாதவர். கேன்டீனில் தனித்தட்டு, தனிக்கரண்டி வைத்திருப்பவர். அம்மாவுக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கிட்டத்தட்ட ஓடியே வந்தார். "நேத்து என்ன போட்டீங்க அம்மா? இதுவரைக்கும் வந்ததுலயே அதுதான் டாப்பு!"

பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "அக்கா, திங்கக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்களுக்கும் அதையே வச்சுடலாமே?"

மேனேஜரின் முகம் வெளுத்தது. "வேண்டாம் வேண்டாம்! அவங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? எனக்கு மட்டும் போதும்."

மனிதர் இப்படி அடிமையாகிவிட்டாரே என்று அம்மாவுக்குப் பகீரென்றது.

அன்று மாலை ஈரல் பிஸ்கட்டை மறுபடி செய்து துரையின் முன்னால் வைத்தார். துரை தும்மியது. அவ்வளவுதான்.

சனிக்கிழமை அரைநாள். வேலை முடியும் நேரம், ஜன்னலுக்கு வெளியே கணவர் ஸ்கூட்டரோடு நிற்பது தெரிந்தது. பின்சீட்டில் ஓவனைக் கட்ட ஒரு சுருள் கயிறு. ஓவனும் போகப் போகிறது, மானமும் போகப் போகிறது. போவது போகட்டும், குனிந்தபடி போகவேண்டாம் என்று தீர்மானித்தார். கதவைத் தட்டாமலேயே மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

"சார், ஒரு வாரமா நான் உங்களுக்குக் கொடுத்தது நாய் பிஸ்கட்."

மேனேஜரின் பேனா நின்றது.

"வியாழக்கிழமை கொடுத்ததுல கோழி ஈரல் இருந்துச்சு. டப்பா மாறிடுச்சு. அதுக்கு மட்டும் மன்னிப்புக் கேக்குறேன். பிஸ்கட்டுக்குக் கேக்க மாட்டேன். சுத்தமான மாவு, நல்ல பூசணி, நானே கை வலிக்கப் பிசைஞ்சது. எங்க வீட்டு நாய் திங்கலை, தெருநாய் திங்கலை. ஊரே சிரிக்கட்டும். நான் செஞ்சது நல்ல பிஸ்கட். என்ன நடவடிக்கை எடுக்கணுமோ எடுத்துக்குங்க."

மேனேஜர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. "நீங்க... போங்கம்மா" என்று மட்டும் கையை ஆட்டினார்.

அழுகிறாரா, ஆத்திரமா என்று தெரியவில்லை. எதுவானாலும் திங்கட்கிழமை மாற்றல் உத்தரவு மேஜையில் இருக்கும். அம்மா பையை மாட்டிக்கொண்டு, தலை நிமிர்ந்து வாசலுக்கு வந்தார்.

"என்ன, கிளம்பலாமா? தங்கச்சி காத்துட்டிருக்கா" என்று கணவர் கயிற்றைத் தட்டிக் காட்டினார். "ஒரு நாயாவது தின்னுச்சா?"

பதில் சொல்வதற்குள் மேனேஜரின் டிரைவர் காரிலிருந்து இறங்கி, காலி டப்பாவை நீட்டினார். "இந்தாங்கம்மா. திங்கக்கிழமை கொஞ்சம் பெரிய டப்பாவா கொண்டு வாங்க."

"இனிமே வேண்டாங்க. உங்க சார் இதைச் சாப்பிட மாட்டார்."

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார் என்னைக்கும்மா சாப்பிட்டாரு? முதல் நாளே ஒரு கடி கடிச்சுட்டு, ஜன்னலைத் திறந்து துப்பிட்டாரு. உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் வெளிய சொல்லலை. அவங்க வீட்டு நாய்தான் இப்ப இது இல்லாம சோத்துல வாயே வைக்க மாட்டேங்குது!"