மூன்று குழி

“மூணு குழி விடணுமாம் ரத்தினம், மூணு குழி!” என்று கத்திக்கொண்டே வைத்திலிங்கம் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தார். பழைய ஓட்டு வீட்டை இடித்தாயிற்று. புது வீடு எழும்பும்வரை அவருக்கும் மனைவி ரத்தினம்மாளுக்கும் அந்தக் கொட்டகைதான் அரண்மனை.

பேரூராட்சி ஆபீஸ் வாசலில் புது விதி ஒட்டியிருந்தார்கள். புதிதாகக் கட்டினாலும் சரி, பழசை இடித்துக் கட்டினாலும் சரி, மனையில் விழும் மழை தெருவுக்கு ஓடக் கூடாது. அதற்காக வீட்டுக்கு மூன்று குழி விட வேண்டும்.

வைத்திலிங்கம் வயற்காட்டில் வளர்ந்த மனிதர். நிலத்தை மா என்றும் குழி என்றும் அளந்தே பழகியவர்.

“ஒரு குழிக்கு நூத்தி நாப்பத்தி நாலு சதுர அடி. மூணுக்கு நானூத்தி முப்பத்திரண்டு. ஹாலே போச்சுடி!”

“அடப் பாவமே” என்றாள் ரத்தினம்மாள், கீரை ஆய்ந்துகொண்டே.

மறுநாள் கொத்தனார் ராசாங்கம் வந்து அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினார். ஹால் சுருங்கி ரேழியாகிவிட்டது.

“சோபா போட்டா ஆளு நிக்க முடியாதுங்க. ஆளு நின்னா சோபா போட முடியாது.”

“வேற வழி?”

“பின்னாடி தம்பி வூட்டுச் செவுரு ஓரமா மண்ணெடுத்து எறக்கி வுட்டுடலாம். அங்கன தண்ணி நின்னுக்கும்.”

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பாகம் பிரித்தபோது, அண்ணன் பாகத்து ஓட்டுத் தண்ணீர் தம்பி பாகத்து முற்றத்தில் விழுந்தது. “ஒன் தண்ணிய நீயே வச்சுக்க” என்றார் தம்பி சிங்காரவேலு. “ஒன் முத்தத்த நீயே கட்டிக்கிட்டு அழு” என்றார் அண்ணன். போதாதா? முற்றத்தின் நடுவே சுவர் எழும்பிவிட்டது. பெண்டாட்டிமார் இருவரும் அவரவர் புருஷன் பக்கம் நின்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஒரு காலத்தில் நாலு பக்கத்து மழையும் அந்த முற்றத்தில்தான் இறங்கும். இரண்டு கூரை சேரும் மூலையில், கூடல்வாயில், தண்ணீர் சோவென்று கொட்டும். அதற்கு அடியில் யார் நிற்பது என்று அண்ணனும் தம்பியும் கட்டிப் புரளுவார்கள். அண்டா வைக்க வரும் அம்மா, “ரெண்டு எருமையும் தள்ளுங்கடா, குடிக்கத் தண்ணி புடிக்கணும்” என்பாள். இரண்டு எருமையும் தள்ளாது. ஹூம், அதெல்லாம் போன ஜென்மம் போலாகிவிட்டது.

உண்மையைச் சொன்னால், ஹால் போனதுகூட வைத்திலிங்கத்துக்குப் பெரிதில்லை. மழை பெய்தால் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி இருமுவது கேட்கும். ‘நனையாதடா’ என்று சொல்ல நாக்கு நுனிவரை வரும். வீம்பு அதை விழுங்கிவிடும். இப்படியே பேசாமல் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று அவருக்குப் பயமாகவே இருந்தது.

ராசாங்கம் மண்ணெடுத்தார். மறுநாள் மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, அஸ்திவாரம் ஊறி, சுவர் மெல்லத் தம்பி வீட்டுப் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

“யார்றா அவன், செவுத்த சாய்க்கிறது?” என்று அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம்.

“அவனா? அண்ணன்டா!”

பதினோரு வருஷத்தில் முதல் பேச்சு.

“என்னத்துக்கு இந்த வேல?” என்றார் சிங்காரவேலு, கொஞ்சம் இறங்கிய குரலில்.

“மூணு குழி விடணுமாம்டா.”

“அட, நானும் தையில வூட்ட இடிக்கணும். மூணு குழிக்கு எங்க போறதுன்னு ராவும் பகலும் அதே ரோசனைதான்.” அவரும் அதே வயற்காட்டில் வளர்ந்தவர்தானே!

இருவரும் ஆளுக்கொரு பக்கம் அளவுக் கயிறு பிடித்தார்கள். இங்கே பாதி முற்றம், ஒன்றரைக் குழி. அங்கே பாதி, ஒன்றரைக் குழி. நடுவே சாய்ந்த சுவர்.

“எப்பிடியும் வுழத்தான் போவுது...” என்று இழுத்தார் தம்பி.

“கடப்பாறைய எடுடா. ரெண்டு வூட்டுக்கும் ஒரே முத்தமா வரைபடத்துல காட்டிப்புடுவோம்.”

பொழுது சாய்வதற்குள் சுவர் தரைமட்டம். தூறலில் நின்றபடி வைத்திலிங்கம், “உள்ள போடா, இருமல் வந்துடும்” என்றார். “நீ மொதல்ல தள்ளு” என்றார் தம்பி. வைத்திலிங்கம் தள்ளவில்லை. வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மழைமேல் பழியைப் போட்டார்.

மறுநாள் ஒரே வண்டியில் இருவரும் ஆபீசுக்குப் போய், கட்டட அனுமதிப் பிரிவு கீதாஞ்சலியிடம் புது வரைபடத்தை நீட்டினார்கள்.

“எதுக்கு சார் இவ்ளோ எடம் வுட்டுருக்கீங்க?”

“மூணு குழிம்மா! ரெண்டு பேருக்கும் பொதுவா.”

கீதாஞ்சலி சிரித்தே விட்டாள். “ஐயோ, குழின்னா பள்ளம் சார்! மழத்தண்ணி எறங்க மூணடி ஆழத்துல மூணு பள்ளம். தோண்டி, ஜல்லி போட்டு, மூடி வச்சுட்டா முடிஞ்சுது.”

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார்.

“அப்ப... செவுத்த திரும்பக் கட்டணுமாண்ணே?”

“கட்டுனா காலை ஒடிப்பேன். அந்தப் பள்ளத்தையும் முத்தத்துலயே தோண்டுடா.”

சொல்லிவிட்டாரே தவிர, சபையில் அசடு வழிந்தது வைத்திலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. கீதாஞ்சலி மேல் பாய்ந்தார். “ஏம்மா, படிக்கிறவனுக்குப் புரியற மாதிரி வெளக்கமா சொல்ல வேண்டாமா?”

“சொன்னேனே சார்! நீங்க படிச்சுட்டுப் போன மறுநாளே ஒங்க வூட்டம்மாவும் இவங்க வூட்டம்மாவும் கையக் கோத்துக்கிட்டு வந்து கேட்டு, ‘பள்ளம்தானே? அப்ப எங்க வூட்டுக்காரங்ககிட்ட நீங்க எதுவும் சொல்லிடாதீங்க’ன்னுட்டுப் போனாங்களே!”