நாலு பெட்டைக்கோழி விஷயமாக

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை தம்புசாமி அவர்களுக்கு, அடுத்த வீட்டிலிருந்து அங்கமுத்து எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்களும் நலம் என்பதைச் சுவர் வழியாக வரும் இருமலை வைத்துத் தெரிந்துகொண்டேன், முன்பைவிடக் குறைந்திருக்கிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நாம் பேசிக்கொள்வதில்லை என்பதும் ஊருக்கே தெரியும். ஆகவே நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் தங்கையும் உங்கள் மனைவியுமான வீரம்மா. மதியச் சாப்பாடு தாமதமானால் அவளைக் கோபிக்க வேண்டாம். கடிதத்தை அவளே கொண்டுவந்து தருவாள். வாங்கும்போது மட்டும் தபால்காரர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். போன வாரம் நகராண்மைக் கழகத்திலிருந்து உஷாராணி என்று ஓர் அதிகாரி வந்தார். கோழிச் சத்தம் என்று யாரோ புகார் கொடுத்தார்களாம். யார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, ஆனால் நான் உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன் என்பதை எழுதச் சொல்கிறேன். "எல்லாம் பெட்டைம்மா, சேவல்ங்கற பேச்சுக்கே இடமில்ல" என்று நான் சத்தியம் பண்ணி வாய் மூடவில்லை, குஞ்சிலிருந்து பெட்டை என்று நம்பி நான் வளர்த்த அந்தச் செவலை, கூட்டின் கூரைமேல் ஏறி, கழுத்தை நீட்டி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கூவித் தொலைத்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "தாத்தா, சேவல் கூடவே கூடாது. பெட்டை நாலு வெச்சுக்கலாம், ஆனா பெர்மிட் எடுக்கணும். ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்களும் சம்மதம்னு கையெழுத்துப் போடணும். மாசக் கடைசிக்குள்ள போடலன்னா லோரி வந்து எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிடும்லா" என்று சொல்லி விண்ணப்பப் பாரத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

செவலையை அன்றைக்கே முனியாண்டி கோயிலில் விட்டாச்சு. இடது பக்கத்து வீட்டுச் சீனர் ஆ செங், முட்டை தனக்கும் வருமா என்று மலாயில் கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார். எங்கே போடுவது என்று என்னிடம் கேட்டால் எனக்கென்ன தெரியும், காலியாக இருந்த இடத்தைக் காட்டினேன், அது விண்ணப்பதாரர் இடமாம். வேறு பாரம் வாங்கி வரும்வரை என் கோழிகளுக்கு அவர்தான் முதலாளி. அதற்குள் ஒன்றுக்குச் சீனப் பெயர் வைத்துவிட்டார். அது இப்போது நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை.

மிச்சம் வலது பக்கம். அதாவது நீங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் உங்கள் மகன் யுகேந்திரன் கல்யாணத்தன்று உங்கள் நீலச் சட்டையில் இடது கைப் பொத்தான் இல்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மைக்கைப் பிடித்து, மேளக்காரருக்கு நன்றி, பூக்காரருக்கு நன்றி, ஐஸ்கட்டி கொண்டுவந்த லோரிக்காரருக்குக்கூட நன்றி. பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டின தாய்மாமன் பேரு மட்டும் உங்க வாயில வரல. முன் வரிசையில உட்கார்ந்து நான் துண்டைச் சரி பண்ணிக்கிட்டேதான் இருந்தேன், கூப்பிட்டா எழுந்து கும்பிடலாம்னு.

இந்த இடத்தில் வீரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"கையெழுத்து வேணும்னா கையெழுத்தக் கேளுங்கண்ணே. கல்யாணத்த ஏன் இழுக்கறீங்க? படிச்சிட்டு அவரு என்னையத்தான் முறைப்பாரு."

"முறைக்கட்டும். எழுது."

"அன்னிக்கு அவருக்குப் பயத்துல நாக்கு ஒட்டிக்கிச்சு. என் பேரக்கூடச் சொல்லல."

"உன் பேரையுமா? அதையும் சேர்த்து எழுது."

எழுதிவிட்டாள். இப்போது என் முடிவைக் கேளுங்கள். என் வீட்டுக்காரி போன பிறகு, காலையில் நான் கதவைத் திறந்தால் ஓடி வருகிற உயிர் அந்த நாலும்தான். அதுகளை நான் விடமாட்டேன். லோரி வந்தால் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்காருவேன். உங்களிடம் கெஞ்சவும் மாட்டேன். பாரம் இத்துடன் இருக்கிறது. போட வேண்டிய இடத்தில் வீரம்மா பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறாள். போட்டால் அது உங்கள் கடமை. நன்றி எதிர்பார்க்க வேண்டாம்.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. சர்க்கரை மாத்திரையைத் தவறாமல் போடவும். உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லவும். அவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், இருந்தாலும் முறை முறைதான்.

கெஞ்சாத,
அங்கமுத்து
(பெருவிரல் ரேகை)

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உஷாராணி அளவு டேப்போடு வந்துவிட்டார். அளந்து பார்த்துவிட்டு, "தாத்தா, கூடு உங்க நிலத்துலயே இல்ல" என்கிறார். வெள்ளத்துக்குப் பிறகு நீங்களும் நானும் கண் மதிப்பில் நட்ட வேலி உங்கள் பக்கமாகத் தள்ளிப் போயிருக்கிறதாம். கூடு முழுக்க உங்கள் மண்ணில் நிற்கிறது. ஆகையால் பெர்மிட் கேட்க வேண்டியவர் நீங்கள். பக்கத்து வீட்டுக்காரனாகச் சம்மதம் கொடுக்க வேண்டியவன் நான். மேலே எழுதியதை அடித்துவிடவா என்று வீரம்மா கேட்கிறாள். வேண்டாம், இருக்கட்டும். விரலில் மை இன்னும் காயவில்லை, ஆனால் நீங்கள் நேரில் வந்து, வாயைத் திறந்து, என்னிடம் கேட்க வேண்டும். கோழிக்கூட்டுப் பக்கமாகப் புகுந்து வராமல் முன்வாசல் வழியாக வாருங்கள். சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன்.