அனுமதி கேளாத திரை

மாலை நான்கு மணிக்கு மானிட்டரில் அந்த ஒற்றை வரி தோன்றியது: ‘இந்த நிரலுக்கு அனுமதி இல்லை.’

நாடக அரங்கின் பின்சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே ஒட்டிக்கொண்டிருந்த கண்ணாடி அறையில் திரையரசர் அதை மூன்று முறை வாசித்தார். மூன்றாம் முறை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தார். வரி அசையவில்லை.

திரையரசர் என்பது அரங்கத்தார் இட்ட பட்டம். மேடைத் திரையை ஆளும் கணினி நிரலை இருபது ஆண்டுகளுக்கு முன்பு அவரே எழுதினார். ஒரு விசையைத் தட்டினால் போதும். கணினியின் முதுகிலுள்ள போர்ட் வழியாகக் குறிப்பு பாயும். அறுபது அடிக்கு அப்பால் திரை எழும். அந்தப் பழைய கணினி நேற்று மாண்டது. புதியதைக் கொண்டுவந்து வைத்தவன் அவருடைய மைத்துனன். நாடகமோ ஆறரை மணிக்கு. “இன்னைக்குத் திரை ஒழுங்கா ஏறலேன்னா, நாளையிலேருந்து நீங்க கீழ டிக்கெட் கவுன்டர்ல உட்காருங்க. இந்த ரூமுக்கு வெளி ஆள் வருவான்” என்று மேலாளர் காலையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

“அனுமதியா? யார்கிட்டடா வாங்கணும்?”

“ஆபரேட்டிங் சிஸ்டம்கிட்ட மாமா. முன்னெல்லாம் எந்த புரோகிராம் வேணும்னாலும் நேரா போர்ட்டைத் தொடும். இப்ப விடாது. உங்க புரோகிராம் அதுகிட்ட கேக்கணும். அது டிரைவர்னு இன்னொரு குட்டி புரோகிராம்கிட்ட சொல்லும். டிரைவர்தான் போர்ட்டைத் தொடும்.”

“ஆக, நடுவுல ஒரு ஆள்.”

“ரெண்டு பேர்னு வெச்சுக்குங்க.”

திரையரசர் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார். “தட்டுற விரல் என்னுது. எழுதின மூளை என்னுது. ஏறுற திரை என் கண்ணு முன்னாடி இருக்கு. இதுக்கு நடுவுல கும்பிடு போட ஒரு வாசக்காவலனா? இதுக்காகவா இருபது வருஷம் நிமிர்ந்து நின்னேன்?”

“நீங்க உட்கார்ந்துதானே மாமா இருந்தீங்க.”

அவர் முறைத்தார். மைத்துனன் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தான். “காவலை விலக்குற சின்ன கருவி ஒண்ணு இருக்கு. உங்க புரோகிராமுக்கு மட்டும் வழி விடச் சொல்லிடறேன்.”

“எனக்கு மட்டும்னா அது சலுகை. எல்லாருக்கும்னாதான் அது உரிமை. எல்லா புரோகிராமுக்கும் திற.”

“வேணாம் மாமா. கண்டதும் உள்ள பூந்துடும்.”

“உங்க அக்காவுக்கு போன் போடட்டுமா?”

மைத்துனன் திறந்தான்.

திரையரசர் விசையைத் தட்டினார். திரை எழுந்தது. மறுபடி தட்டினார். இறங்கியது. அடிமைத்தளை அறுந்தவர்போல் அவர் மார்பு விம்மியது. அந்த விம்மல் சரியாக ஐந்து மணிவரை நீடித்தது.

ஐந்து மணிக்கு டிக்கெட் கவுன்டர் திறந்தது. டிக்கெட் அச்சிடும் நிரலையும் மைத்துனன் காலையில் இதே கணினியில்தான் குடிவைத்திருந்தான். அதுவும் பழங்காலத்து ஆசாமி. காவல் இருந்தவரை வரிசையில் நின்று, கேட்டு, முறைப்படி அச்சுப்பொறிக்குப் போய்க்கொண்டிருந்தது. காவல் விலகியதோ இல்லையோ, அண்டையில் திறந்து கிடந்த திரையின் போர்ட்டுக்குள் யாரையும் கேளாமல் தலையை நுழைத்தது.

முதல் டிக்கெட். திரை சரேலென எழுந்தது. மேடையில் அரசர் வேடக்காரர் ஒருபக்க மீசையோடு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். திரை விழுந்தது. இரண்டாம் டிக்கெட். திரை எழுந்தது. அரசர் மீசையைத் தேடிக் குனிந்திருந்தார்; அவையோருக்கு அவருடைய பின்புறமே தரிசனம் தந்தது. முன்வரிசையில் வந்தமர்ந்த இருவர் கைதட்டினார்கள்.

மேடையிலிருந்து இன்டர்காம் அலறியது. “யாருய்யா மேல? நான் இன்னும் பாதி ராஜாதான்யா.”

மானிட்டரில் டிக்கெட் எண் ஏறும்போதெல்லாம் திரை ஆடுவதைக் கண்ட திரையரசர் இன்டர்காமில் கவுன்டருக்குப் பேசினார். “அம்மா, டிக்கெட் அடிக்கிறதை நிறுத்துங்க.”

“எங்க சார் அடிக்குது? பேப்பர் ஒண்ணுமே வரலை. அதனாலதான் ஒவ்வொருத்தருக்கும் நாலு தடவை அமுக்கிப் பார்த்துட்டு, கையால எழுதிக் குடுத்து உள்ள அனுப்பறேன்.”

திரை ஏறி இறங்கி ஏறியது. புறாச்சிறகு போல் படபடத்தது. அரங்கில் கூட்டம் சேரச்சேரக் கைதட்டல் வலுத்தது. “நாடகம் புதுமையா இருக்கே” என்று யாரோ சொன்னார்.

“திறந்த வழியை மூடிடவா மாமா?”

“பின்வாங்குறதா? என் நிரலை நொடிக்கு ஆயிரம் தடவை ‘இறங்கு இறங்கு’ன்னு சொல்ல வைக்கிறேன். யார் குரல் ஓங்குதுன்னு பார்த்துடலாம்.”

எழுதினார், ஓட்டினார். ‘ஏறு’ என்றது டிக்கெட். ‘இறங்கு’ என்றது நிரல். திரை இடுப்பளவு எழுந்து, அங்கேயே நின்று, வெடவெடவென்று நடுங்கியது. கீழே அரசரின் முழங்கால்கள் மட்டும் அங்குமிங்கும் ஓடின.

இன்டர்காமில் மேலாளரின் குரல் வந்தது. “என்னய்யா, திரைக்குக் குளிர் ஜுரமா? ஆறு இருபதாச்சு. கவுன்டர்ல உங்களுக்கு நாற்காலி துடைச்சுப் போடச் சொல்லட்டுமா?”

திரையரசர் உட்கார்ந்தார். நெற்றி வியர்வை விசைப்பலகையில் சொட்டியது.

“மாமா, எல்லாத்தையும் மூடிட்டு உங்களுக்கு மட்டும் அனுமதி கேக்கறேன். ஒரு கட்டம் வரும். ‘ஆம்’னு அமுக்கணும். அவ்வளவுதான்.”

“நான் கேட்டதா இருக்கக் கூடாது.”

“நான்தான் கேக்கறேன். நீங்க விரலை மட்டும் கொடுங்க.”

முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அவர் விரலைக் கொடுத்தார்.

ஆறரை மணி. விளக்குகள் மங்கின. திரையரசர் மூச்சைப் பிடித்து விசையைத் தட்டினார். ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு திரை எழுந்தது; முக்கி முனகி, மெல்ல மெல்ல, ஆனால் உச்சிவரை எழுந்தது. முழு மீசையோடு அரசர் அரியணையில் வீற்றிருந்தார்.

“பிழைச்சீங்க. நாளைக்கும் மேலேயே உட்காருங்க” என்றார் மேலாளர்.

திரையரசர் மைத்துனனின் தோளில் ஓங்கித் தட்டினார். “பார்த்தியாடா? கட்டம் வந்துது, போச்சு. ஆனா இந்த விரலுக்கும் அந்தத் திரைக்கும் நடுவுல இன்னைக்கும் ஒரு மனுஷன் கிடையாது.”

கதவு தட்டப்பட்டது. மேடையைப் பெருக்கும் அம்மாள் உள்ளே வந்தார். இரு உள்ளங்கைகளிலும் ஈரத்துணி சுற்றியிருந்தது.

“சார், நாளைக்கு எனக்கு லீவு வேணும்.”

“அதை மேலாளர்கிட்ட கேளுங்கம்மா. கையில என்ன காயம்?”

“திரையை இழுக்கற மோட்டார் எரிஞ்சுபோய் ஆறு வருஷமா, மேடையோரம் சிவப்பு விளக்கு எரிஞ்சா கயித்த இழுக்கறதும் அணைஞ்சா விடறதும் நான்தானே சார், இன்னைக்கு மட்டும் எதுக்கு அதை இருநூறு தடவை எரிய வெச்சீங்க?”