கீரைக்குள் இருந்த ஊதா

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நாங்கள் அனைவரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். இந்த வரியை எழுதும்வரை நலம்தான். கடிதம் முடியும்போதும் அப்படியே இருப்போமா என்பதற்கு என்னால் பொறுப்பேற்க முடியாது. அத்தானையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். நல்ல நினைவோடு இருக்கும்போதே விசாரித்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்.

போனில் பேசலாமே என்பாய். நான் வாயைத் திறந்ததுமே "முதல்ல மூச்சு விடுடி" என்று சொல்லி அத்தானிடம் போனைக் கொடுத்துவிடுகிறாய். அதோடு, சாட்சியத்தைப் போனில் அனுப்ப முடியுமா? இதனுடன் ஒரு காகிதத் துண்டு வைத்திருக்கிறேன். மருந்துக் கம்பெனிச் சோதனைக்கூடத்தில் இத்தனை வருஷமாக வேலை பார்க்கிறவள் நீ. இதில் இருப்பது என்ன விஷம் என்று மட்டும் பார்த்துச் சொல்.

விஷயம் இதுதான். இலைக்குள் இருக்கும் நிறங்களைப் பிரித்துக்கொண்டு வரச் சொல்லிப் பாப்பாவுக்குப் பள்ளியில் வேலை கொடுத்திருக்கிறார்கள். காபி வடிகட்டுகிற தாளை விரல் அகலத்துக்கு நறுக்க வேண்டும். அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, கோட்டின் மேல் இலையை வைத்து நாணயத்தால் அழுத்தித் தேய்த்தால் பச்சை இறங்கும். பிறகு தாளின் நுனி மட்டும் நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தில் படும்படி ஒரு கிளாசுக்குள் தொங்கவிட வேண்டும். திரவம் தாளில் ஊறி ஏறும்போது நிறங்களையும் கையோடு இழுத்துக்கொண்டு போகும். சில நிறம் உச்சிவரை ஓடும், சிலது பாதியில் களைத்து நின்றுவிடும். மேலே மஞ்சள், கீழே இரண்டு விதப் பச்சை வரும் என்று பள்ளியில் கொடுத்த தாளில் படம் போட்டிருந்தது. கோடு போடுவதும் இலையைத் தேய்ப்பதும் பாப்பா. புட்டியில் 'எளிதில் தீப்பிடிக்கும்' என்று போட்டிருந்ததால் திரவம் ஊற்றுவது நான். அதற்கு முன்பே அடுப்பை அணைத்து, ஜன்னலெல்லாம் திறந்து, மாமனாரின் காது மெஷினைக்கூடக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டேன். அதில் பாட்டரி இருக்கிறதே! அவருக்கு அதற்கப்புறம் நடந்தது எதுவுமே காதில் விழவில்லை, கொடுத்துவைத்தவர்.

மத்தியானம் சமைத்த கீரைக்கட்டில் சில இலைகள் மிச்சம் இருந்தன. அதைத்தான் தேய்த்தோம். மஞ்சள் வந்தது. பச்சை வந்தது. நான் கைதட்டப் போகும் நேரத்தில், அக்கா, ஊதா வந்தது. ஊதாவுக்குப் பக்கத்திலேயே ரோஸும் வந்தது.

நீயே சொல், எந்தக் கீரையில் ரோஸ் இருக்கும்? சாயம்! அந்தக் கீரையை வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறோம். மாமனார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். அதுகூடப் போகட்டும். எதிர்வீட்டுத் தையல்காரப் பெண்ணுக்கு இது ஒன்பதாம் மாதம். அவளுக்கு ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்து, "உடம்புக்கு நல்லது, மிச்சம் வைக்காம சாப்பிடு" என்று பக்கத்தில் நின்று சாப்பிட வைத்தவள் நான்.

டார்ச்சை எடுத்து வீட்டில் எல்லோர் நாக்கையும் பார்த்தேன். இவர் நாக்கை நீட்டியபடியே, "என்ன, ரோஸ் கலர்ல இருக்கா? பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்" என்கிறார். டாக்டருக்குப் போன் போட்டேன். "என்னம்மா பண்ணுது?" என்றார். "ஒண்ணுமே பண்ணல டாக்டர், அதான் பயமா இருக்கு" என்றேன். அவர் வைத்துவிட்டார். தெருமுனைக்கு ஓடிக் கீரைக்காரம்மாவைப் பிடித்தேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ரோஸ் கலர்ல முக்கற அளவுக்கு எனக்கு வசதி இருந்தா, பூன்னு சொல்லி வித்திருக்க மாட்டேனா? போம்மா, போய்த் தண்ணி குடி" என்று பத்துப் பேர் பார்க்கச் சத்தம் போட்டாள்.

ஆனாலும் படித்தவள் அவசரப்படக் கூடாது அல்லவா? வரும் வழியில் மரத்திலிருந்து ஓர் இலை, மாடிப்படித் தொட்டியிலிருந்து ஓர் இலை, யார் வீட்டுக் கொடியிலிருந்தோ ஓர் இலை என்று பறித்து வந்தேன். நான் திரவம் மாற்றுவதற்குள் பாப்பா எல்லாத் தாளிலும் அளந்து அளந்து கோடு போட்டு வைத்திருந்தாள். என் உயிரே போனது போல் ஆயிற்று, அக்கா. எல்லாவற்றிலும் ஊதா, எல்லாவற்றிலும் ரோஸ்! கெட்டது கீரை இல்லை, எங்கள் தெருத் தண்ணீரே கெட்டுப்போயிருக்கிறது!

இவரை விரட்டிக் குடியிருப்புத் தண்ணீர்த் தொட்டியை மூட வைத்தேன். பிறகு தையல்காரப் பெண்ணிடம் சொல்லத்தான் போனேன். இடுப்பில் கை வைத்தபடி கதவைத் திறந்து, "கீரை நல்லா இருந்துச்சுக்கா, இன்னும் இருக்கா?" என்றாள். "கொழந்தை அசையுதா?" என்றேன். "அசையுதுக்கா." "நல்லா அசையுதா, இல்ல தவிக்குதா?" அவ்வளவுதான். அவள் முகம் வெளுத்துவிட்டது. அழுதாள், அவளைப் பார்த்து நானும் அழுதேன், நான் அழுவதைப் பார்த்து அவள் கணவர் ஆட்டோ பிடித்துவிட்டார். இப்போது ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் நான் எந்த முகத்தோடு எதிர்வாசலைப் பார்ப்பேன்?

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். ஒரு வரி எழுதுகிறேன், எழுந்துபோய்ப் பாப்பாவின் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். சூடாக மூச்சு வந்த பிறகுதான் அடுத்த வரி ஓடுகிறது.

பெரியவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். அவர்களுக்கு இலை என்று எதையும் கொடுக்காதே.

இதுவரை அறிகுறி ஏதும் தெரியாத,
உன் தங்கை.

பி.கு.: தண்ணீர் குடிக்க எழுந்து வந்த பாப்பா மேஜையில் இருந்த துண்டைப் பார்த்து, "கோடு எங்கம்மா போச்சு? நான் எவ்ளோ பட்டையா போட்டிருந்தேன்" என்றாள். "பென்சில் கோடு எங்கடி போகும்?" என்றேன். "பென்சிலா? இனிமே நீ பெரிய பொண்ணு, எல்லாம் பேனாலதான்னு நீதானே சொன்னே?" என்கிறாள்! கறுப்புப் பேனா, அக்கா. பென்சிலால் நானே ஒரு கோடு போட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். மஞ்சளும் பச்சையும் மட்டும் சமர்த்தாக வந்து நிற்கின்றன. ஆஸ்பத்திரியிலிருந்தும் செய்தி வந்துவிட்டது, தாயும் வயிற்றுப் பிள்ளையும் நலம், பயந்துவிட்டதைத் தவிர ஒன்றுமில்லையாம். ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்காதே. நாளைக்குத் தொட்டியைத் திறந்துவிட்டு, தையல்காரப் பெண்ணிடமும் கீரைக்காரம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

ஆனால் இவ்வளவையும் பாப்பா அந்தப் பேனாவின் நுனியைக் கடித்துக்கொண்டேதான் சொன்னாள். உதடெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் என்னென்ன இருக்கிறது என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். இவரை எழுப்பப் போகிறேன்.