பாதசாரி-2 திருப்தி அடையவில்லை

நானூற்றுப் பன்னிரண்டு புகாரில் நானூற்றுப் பதினொன்று பச்சை. ஒன்றே ஒன்று சிவப்பு. அந்த ஒன்றுதான் கண்காணிப்பாளருக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது.

நகராட்சி அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவே அவருடைய மேஜை. அங்கே உட்கார்ந்துதான் அந்த இணையதளத்தைப் பெற்று வளர்த்தார். குறையைச் சொல்ல இனி யாரும் வரிசையில் நிற்க வேண்டாம். வீட்டிலிருந்தே கைப்பேசியில் எழுதிப் போடலாம். புகார் வந்தால் சிவப்பு விளக்கு. வேலை முடிந்தால் பச்சை. பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைக் காட்டுவதுபோல் வருவோர் போவோருக்கெல்லாம் அந்தப் பச்சைகளைக் காட்டுவார்.

பச்சைக்கு ஒரு விதி உண்டு. அதை எழுதியவரும் அவர்தான். அதிகாரிகள் பச்சை போட முடியாது. புகார் கொடுத்தவரே ‘திருப்தி’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். இது வம்பு என்று உடன் வேலை செய்கிறவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். “மக்கள் கையால வரணும்யா, அதுதான் கெத்து” என்று இவர் நெஞ்சை நிமிர்த்தினார். இப்போது அந்தக் கெத்து அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

வியாழக்கிழமை ஆணையர் வருகிறார். ஒரே ஒரு வார்டுக்கென்று தொடங்கிய தளம் அது. எல்லாம் பச்சையாக இருந்தால் நகரம் முழுவதற்கும் போகும். கண்காணிப்பாளரே அதற்குத் தலைவர். ஒரு சிவப்பு இருந்தாலும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

சிவப்புக்குச் சொந்தக்காரர் பெயர் ‘பாதசாரி-2’. வெறும் ‘பாதசாரி’யை வேறு யாரோ முந்திக்கொண்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத் தெரு நடைபாதையில் ஒரு முனையில் ஏறச் சாய்தளம் இருக்கிறது, மறுமுனையில் இறங்க இல்லை, வண்டி தள்ளுகிறவர்கள் தூக்கி இறக்க வேண்டியிருக்கிறது என்பது புகார். நகராட்சிப் பொறியாளர் இரண்டே நாளில் சிமெண்டில் சாய்தளம் போட்டார். குறுக்கே ஒரு விளக்குக் கம்பம் நின்றது. அதை விட்டுவிட்டு, கம்பம் தெரியாத பக்கமாக நின்று படம் எடுத்துத் தளத்தில் ஏற்றினார். மறுநாள் பாதசாரி-2 கம்பம் தெரிகிற பக்கமாக நின்று ஒரு படம் ஏற்றினார். கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தள்ளுவண்டி சிக்கிக்கொண்டு நின்றது. கீழே ஒரு வரி: ‘வழி போட்டதற்கு நன்றி. வண்டியை இரண்டாக அறுத்துக்கொள்கிறேன்.’

செவ்வாய் மாலை வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி பாதசாரி-2-ஐ வறுத்தெடுத்தார் கண்காணிப்பாளர். மனைவி தையல்காரி. பள்ளிச் சீருடைக்குப் பட்டன் வைத்துக்கொண்டே கேட்டாள். கம்பத்தை நகர்த்தினால் என்ன என்றாள். அது மின்துறைக் கம்பம், கடிதம் எழுதினால் பதில் வரவே மூன்று மாதம் ஆகும் என்றார்.

“அதையே அந்த ஆளுக்குப் பணிவா எழுதுங்களேன்.”

“நீ சொல்லு, நான் அடிக்கிறேன். உனக்குத்தான் பணிவு நல்லா வரும்.”

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். தங்கள் சிரமம் எங்கள் சிரமம், மூன்று மாதம் பொறுத்தருள்க என்று கல்லும் கரைகிற மாதிரி அமைந்தது. மனைவி சமையலறைக்குள் போனாள். கால் மணி நேரத்தில் பதில் வந்தது: ‘கடிதம் மிக அழகு. கம்பம் அதே இடத்தில்.’

“எமகாதகனா இருப்பான் போல இருக்கே” என்றார்.

“ஆமாங்க, மூளைக்காரர்தான்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

புதன் காலை அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தள்ளுவண்டியின் கைப்பிடியில் நீல ஒயர் சுற்றியிருந்தது. கடைசிச் சுற்றில் கோணலாக ஒரு முடிச்சு. அப்படி ஒரு கோணல் முடிச்சைப் போடக்கூடிய கை உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது இப்போது அவருடைய கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்தது. மனைவி சீருடை ஏற்றிப் போகிற வண்டிக்கு ஒயர் சுற்றிக் கொடுத்ததே அவர்தான்.

அந்த நடைபாதையைப் பற்றி மனைவி மூன்று தடவை சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. மூன்று தடவையும் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ‘ம்’ கொட்டியதும் ஞாபகம் வந்தது.

வேறு புருஷனாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பான். இவர் நிர்வாகி. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. மனத்தைக் குளிர வைத்து, தானாகப் பொத்தானை அழுத்த வைக்க வேண்டும். பாத்திரம் துலக்கினார். துணி உலர்த்தினார். குழம்பை இரண்டு தடவை புகழ்ந்தார். அவள் ஒவ்வொன்றையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். விளக்கு மட்டும் சிவப்பாகவே இருந்தது.

“இன்னிக்கு நீ ஓய்வா உக்காரு. சீருடையை நான் கொண்டுபோய்க் குடுக்கறேன்.”

“உங்களுக்கு ஆபீஸ் இல்லியா?”

“பொண்டாட்டிக்கு மேலயா ஆபீஸ்?”

“சரி, போயிட்டு வாங்க. பள்ளிக்கூடத் தெரு வழியாப் போனாக் கிட்ட.”

நடைபாதையில் வண்டி ஏறியது. மறுமுனையில் கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே சிக்கியது. இழுத்தார், வரவில்லை. தூக்கினார், இடுப்பில் ஏதோ ‘டக்’கென்றது. சீருடை மூட்டை சரிந்து தெருவில் விழுந்தது. அந்த வழியாக வந்த தபால்காரர் மூட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, இதற்கெல்லாம் இப்போது ஒரு இணையதளம் இருக்கிறதாம், எழுதிப் போடுங்களேன் என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார்.

கண்காணிப்பாளர் சீருடையைப் பள்ளியில் சேர்த்தார். வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக மின்துறை அலுவலகத்துக்குப் போனார். கடிதம் எழுதவில்லை. அங்கிருந்த மின்துறைப் பொறியாளரைக் கையோடு கூட்டிவந்து, ஒரே ஒரு தடவை இதைத் தூக்கி இறக்கிக் காட்டுங்கள் என்றார். பொறியாளர் ஒரு தடவை தூக்கினார். மாலை நாலு மணிக்குக் கம்பம் இரண்டடி தள்ளி நின்றது.

வெயிலில் கடைசிவரை பக்கத்திலேயே நின்றார் கண்காணிப்பாளர். காரை காயுமுன்னே வண்டியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். வெண்ணெயாக இறங்கியது. மறுபடி ஏற்றி இறக்கினார். நானூற்றுப் பதினொரு பச்சையையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்தவர் அவர். இது அவரே நின்று பார்த்த முதல் பச்சை. நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது.

படம் எடுத்துத் தளத்தில் ஏற்றினார். நாலரைக்கு விளக்கு மாறியது. வீட்டில் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தந்திரம் பலித்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வியாழன் காலை ஆணையர் திரையைப் பார்த்தார். தோட்டம் மாதிரி ஒரே பச்சை. தளம் நகரம் முழுவதற்கும் போகிறது, தலைவர் நீங்கள்தான் என்று கை குலுக்கினார். பிறகு, கடைசியாகப் பச்சை போட்ட அந்தக் குடிமகனை நேரில் பார்க்க வேண்டும் என்றார்.

கண்காணிப்பாளர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். சொந்த மனைவி என்று தெரிந்தால் எல்லாப் பச்சையும் வீட்டிலேயே சாயம் போட்டது என்று ஆகிவிடுமே. அவர் வெளிச்சத்துக்கு வர விரும்பாதவர் என்று இழுத்தார். ஆணையர் தாமே தளத்தில் ஒரு வரி அழைப்பு எழுதினார். உடனே பதில் வந்தது: ‘கீழே வாசலில்தான் நிற்கிறேன்.’

அவள் படியேறி வந்தாள். கண்காணிப்பாளர் முன்பின் பார்த்திராதவர்போல் கைகூப்பி, வாங்கம்மா என்றார். அவளும் அடக்கமாகக் கைகூப்பினாள்.

“எங்க கண்காணிப்பாளரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?” என்றார் ஆணையர்.

“தெரியும் சார். தங்கமான மனுஷர். நேர்ல சொன்னா காதுல விழாது. எழுதிப் போட்டா ஓடி வந்து செய்வாரு.”

ஆணையர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். தளத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது, இதை அப்படியே முகப்பில் பெரிய எழுத்தில் போடுங்கள் என்று உத்தரவிட்டார். புதிய தலைவர் உட்கார்ந்து தம் கையாலேயே அதைத் தட்டச்சு செய்தார். மனைவி பின்னால் நின்று எழுத்துப் பிழை பார்த்தாள்.